முட்டைக்குள் ஊசி எப்போது நுழைய வேண்டும்?

கருத்தரிப்பு மையம் ஒன்றின் ஆய்வகத்தில் எம்ப்ரியாலஜிஸ்டாக வேலை செய்கிறேன். கருமுட்டையும் விந்தணுவும் சேர்வதில் தொடங்கி, கருவைக் கருப்பைக்குள் வைக்கும் நாள்வரை அதைப் பராமரிப்பது எங்கள் பொறுப்பு. மருத்துவரைப் பார்ப்பதுபோல நோயாளிகள் எங்களைப் பார்ப்பதில்லை. முட்டை எடுப்பதற்குச் சில நாட்கள் முன்னால், படிவங்களில் கையெழுத்து வாங்கும் நேரத்தில்தான் பேச வாய்க்கிறது. அதற்குள் பலர் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். “மேடம், எங்களுக்கு இக்ஸியே செய்துவிடுங்கள். செலவு கூடினாலும் பரவாயில்லை. நகையை அடகு வைத்தாவது கட்டிவிடுகிறோம்.”

ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் நேராகச் செலுத்தும் முறைதான் இக்ஸி. கணவரின் விந்துப் பரிசோதனை அறிக்கையை வாங்கிப் பார்ப்பேன். எண்ணிக்கை போதுமான அளவு இருக்கும். அசைவிலும் குறை இருக்காது. சிக்கல் மனைவியின் கருக்குழாய் அடைப்பிலோ, முட்டை வெளியாவதிலோ இருக்கும். பிறகு எதற்கு இக்ஸி என்று கேட்டால், “அதில்தான் கரு நல்ல தரமாக வருமாம்” என்பார்கள். நாத்தனார் சொல்லியிருப்பார், அல்லது யூடியூபில் யாரோ சொல்லியிருப்பார்கள். சில சமயம் வேறொரு மையத்தில் வெள்ளைக் கோட்டு போட்டவரே சொல்லியிருப்பார். அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

இக்ஸி செய்தால் கரு தரமாக வரும் என்பதில் உண்மை இல்லை. ஏன் இல்லை என்பதைக் கையெழுத்து வாங்கும் அவசரத்தில் விளக்க முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முட்டையையும் விந்தணுக்களையும் தட்டில் ஒன்றாக வைத்துத் தாமாகச் சேரவிடும் வழக்கமான ஐவிஎஃப், இக்ஸி ஆகிய இரண்டு முறைகளுக்கும் முதல் பாதி பொதுவானது. ஹார்மோன் ஊசிகள் போட்டு, சினைப்பையில் ஒரே சமயத்தில் பல முட்டைகளை வளரவைத்து, ஸ்கேனில் பார்த்தபடி மெல்லிய ஊசியால் அவற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். முட்டை ஆய்வகத்துக்குள் வந்த பிறகான சில மணி நேரத்தில்தான் வழிகள் பிரிகின்றன.

எங்களிடம் வரும் முட்டை தனியாக வருவதில்லை. கியூமுலஸ் எனப்படும் ஆயிரக்கணக்கான சிறு செல்கள் பசைத்தன்மையுள்ள ஒரு பொருளில் பிணைந்து அதைச் சூழ்ந்திருக்கும். வழக்கமான ஐவிஎஃப்பில் அந்தச் செல்களோடு சேர்த்தே முட்டையைத் தட்டில் வைக்கிறோம். கழுவித் தயார்செய்த விந்தணுக்களை, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் என்பதுபோன்ற அளவில் அதோடு சேர்க்கிறோம். பிறகு 37 டிகிரி வெப்பத்தில் இன்குபேட்டருக்குள் வைத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இரவு நடப்பதில் எங்கள் கை இல்லை. விந்தணு கியூமுலஸ் திரளைத் துளைத்துப் போக வேண்டும். ஜோனா என்ற உறையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தலையில் இருக்கும் அக்ரோசோம் என்ற பை வெடித்து என்சைம்கள் வெளிவர, உறைக்குள் வழி செய்துகொண்டு முட்டையின் சவ்வோடு இணைய வேண்டும். ஒன்று உள்ளே போனதும் முட்டை தன் உறையின் தன்மையை மாற்றி மற்றவற்றுக்கு வழியை அடைத்துவிடும். எந்த விந்தணு உள்ளே போனது, ஏன் அது என்பது யாருக்கும் தெரியாது.

இக்ஸியில் இத்தனை படிகளும் கிடையாது. முதலில் ஹைலூரனிடேஸ் என்ற என்சைமில் முட்டையைச் சில நொடிகள் வைத்து, நுண்ணிய பிப்பெட்டுக்குள் இழுத்தும் விட்டும் கியூமுலஸ் செல்களை உரித்தெடுக்கிறோம். அப்போதுதான் முட்டை தெளிவாகத் தெரியும். உறைக்கு அடியில், ஓரத்தில், துருவ உடல் என்ற சிறு உருண்டை தெரிந்தால் முட்டை முதிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் அதை ஒதுக்கிவைப்போம். விந்தணுக்களை பிவிபி என்ற கெட்டியான திரவத் துளிக்குள் விட்டால் அவற்றின் வேகம் குறையும். அவற்றுள் வடிவமும் அசைவும் நன்றாக உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் வாலின் மேல் ஊசி முனையால் அழுத்தித் தேய்ப்போம். வால் மடங்கி, அசைவு நின்றுவிடும். பார்ப்பவருக்குக் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் விந்தணுவின் சவ்வு அப்படிச் சேதப்பட்டால்தான் முட்டையைத் தூண்டும் புரதம் வெளியே கசியும்.

முட்டையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். ஊசியின் உள்விட்டம் ஐந்து மைக்ரான் அளவு. இடது பக்கத்துப் பிப்பெட் மெல்ல உறிஞ்சி முட்டையை அசையாமல் பிடித்திருக்கும். துருவ உடல் கடிகாரத்தின் 12 அல்லது 6 இருக்கும் இடத்தில் வருமாறு முட்டையைத் திருப்பிக்கொள்வோம். குரோமோசோம்கள் வரிசையில் நிற்கும் இடம் பெரும்பாலும் அதன் அருகில்தான் இருக்கும் என்பதால், 3 இருக்கும் திசையிலிருந்து நுழையும் ஊசி அதைத் தொடாமல் போகும். ஜோனாவைத் தாண்டியதும் முட்டையின் சவ்வு உடனே கிழியாது. ஊசியோடு சேர்ந்து உள்நோக்கி நீண்டுகொண்டே போகும், சில முட்டைகளில் எதிர்ப்பக்கம் வரைக்கும். அங்கே நிறுத்தி மெல்ல உறிஞ்சினால் முட்டையின் உள்பொருள் ஊசிக்குள் மெதுவாக ஏறும். சவ்வு விடுபட்ட கணத்தில் அது திடீரென்று வேகமெடுக்கும். அந்தக் கணத்தில் கை நிற்க வேண்டும். உறிஞ்சியதையும் விந்தணுவையும் உள்ளே விட்டுவிட்டு ஊசியைப் பின்னால் எடுப்போம். இன்னும் கொஞ்சம் உறிஞ்சியிருந்தால் அந்த முட்டை மறுநாள் காலையில் கறுத்துச் சுருங்கிக் கிடக்கும். சில முட்டைகளின் சவ்வு நீளாமலே சட்டென்று கிழிந்துவிடும். அவற்றில் சேதமும் அதிகம். எவ்வளவு தேர்ந்த கையானாலும் சில முட்டைகள் இப்படிப் போகின்றன. வியன்னாவில் கூடிய எம்ப்ரியாலஜிஸ்டுகள் வகுத்து 2017-இல் வெளியான தர அளவுகோலே, ஊசி போட்ட முட்டைகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சேதமாகக் கூடாது, ஐந்துக்குள் இருப்பது நல்லது என்றுதான் சொல்கிறது.

இந்த முறை எதற்காக வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ராபர்ட் எட்வர்ட்ஸ், பாட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகியோரின் உழைப்பில் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் உலகின் முதல் ஐவிஎஃப் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தார். அவருடைய தாயின் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. ஐவிஎஃப் அந்தக் குறைக்கான தீர்வாகத்தான் பிறந்தது. தட்டில் இருக்கும் முட்டையைத் துளைக்கவும் நல்ல விந்தணுக்கள் வேண்டும். எண்ணிக்கை மிகக் குறைந்த ஆண்களுக்கு அதனால் பயன் கிடைக்கவில்லை. 1980-களில் ஜோனாவில் துளையிட்டுப் பார்த்தார்கள். ஜோனாவுக்கும் சவ்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சில விந்தணுக்களை விட்டும் பார்த்தார்கள். பலன் மிகச் சொற்பம்.

பிரஸ்ஸல்ஸ் நகரில் அந்த இடைவெளி முறையைச் செய்துகொண்டிருந்த ஜான்பியெரோ பலெர்மோவின் ஊசி ஒருமுறை சவ்வைத் தாண்டி முட்டைக்குள்ளேயே விந்தணுவை விட்டுவிட்டது. அந்த முட்டை கருவுற்றது. எலியினத்தைச் சேர்ந்த ஹாம்ஸ்டர்களின் முட்டைக்குள் விந்தணுவைச் செலுத்தினால் அது உட்கருவாக மாறும் என்று 1976-லேயே உவெஹாராவும் யனகிமாச்சியும் காட்டியிருந்தார்கள். மனிதரில் அது குழந்தையாகவும் ஆகும் என்பதை பிரஸ்ஸல்ஸ் குழு காட்டியது. 1992 ஜனவரியில் முதல் குழந்தை பிறந்தது. அதே ஆண்டில் லான்செட் என்ற மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது.

ஆண் குறைபாட்டுக்கு அதுவரை மருத்துவம் சொன்ன பதில் பெரும்பாலும் தானமாகப் பெற்ற விந்தணு. அதை ஏற்க முடியாமல் திரும்பிப் போன தம்பதியர் எத்தனையோ பேர். இன்றைக்கு விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாதவருக்கும், விரையிலிருந்து சிறு திசு எடுத்துத் தேடினால் பலருக்கு ஏதேனும் கிடைக்கிறது. அந்தத் தேடலைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் இக்ஸியின் மதிப்பு முழுவதும் தெரியும். பிய்த்துப் பிரித்த திசுவை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, ரத்த அணுக்களுக்கும் செல் குப்பைகளுக்கும் நடுவே துளித்துளியாக நகர்த்திக்கொண்டே போவோம். கண் எரியும், கழுத்து மரத்துப்போகும். எங்கோ ஒரு மூலையில் ஒரு வால் லேசாகத் துடிக்கும். அந்த ஒன்றுக்காக ஊசியைக் கண்டுபிடித்தவர்களை அந்த நேரத்தில் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அந்த ஒரு விந்தணுவை லட்சம் பேர் கூட்டத்தில் போட்டியிடச் சொல்ல முடியாது. அதற்கு ஊசிதான் வழி.

எண்ணிக்கையோ அசைவோ மிகக் கடுமையாகக் குறைந்தவர்களுக்கும், முந்தைய சுற்றில் ஐவிஎஃப் செய்து ஒரு முட்டைகூடக் கருவுறாதவர்களுக்கும், உறையவைத்து எடுத்த முட்டைகளுக்கும் இக்ஸி தேவை. உறையவைக்கும் முன்பே கியூமுலஸ் செல்களை உரித்துவிடுகிறோம், ஜோனாவும் இறுகிவிடலாம் என்பது கடைசியாகச் சொன்னதற்குக் காரணம். குடும்பத்தில் ஓடும் மரபணு நோயைக் கருவிலேயே சோதிக்கும்போதும், வேறு விந்தணுவின் மரபுப்பொருள் கலந்துவிடாமல் இருக்க இதையே நீண்ட காலமாகச் செய்துவருகிறார்கள். இவற்றில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

தயக்கம் மற்றவர்களைப் பற்றியது. அமெரிக்காவில் 1996-இல், கருவை உறையவைக்காமல் அப்படியே கருப்பையில் வைக்கும் சுற்றுகளில் ஏறத்தாழ 36 சதவீதத்தில் இருந்த இக்ஸி 2012-இல் 76 சதவீதமாகிவிட்டது. ஆண் குறைபாடு இல்லாத தம்பதியரில் மட்டும் பார்த்தால் 15 சதவீதத்திலிருந்து 67 சதவீதமாக ஏறியிருக்கிறது. அந்த ஆண்டுகளில் ஆண் குறைபாட்டுக்காக வந்தவர்களின் பங்கு பெரிதாக மாறவில்லை. மருத்துவரின் பழக்கம்தான் மாறியிருக்கிறது. நம் ஊரிலும் பல மையங்களில் ஐவிஎஃப் என்று சொல்லிச் செய்வதே இக்ஸியைத்தான். ‘எல்லாருக்கும் அதுதான் செய்கிறோம்’ என்பதை ஒரு தகுதியாகச் சொல்லிக்கொள்ளும் மையங்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே மருந்து எழுதும் மருத்துவரிடம் நாம் போவோமா?

இக்ஸியில் கருவுறும் விகிதம் அதிகம் என்பது இந்தப் பழக்கத்துக்குச் சொல்லப்படும் முதல் நியாயம். காகிதத்தில் அப்படித்தான் தெரியும். ஒரு பெண்ணிடமிருந்து 12 முட்டைகள் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இக்ஸி செய்தால் உரித்துப் பார்ப்போம். 9 முட்டைகள் முதிர்ந்தவை. 9-க்கும் ஊசி போட்டு 7 கருவுற்றால், அறிக்கையில் 78 சதவீதம் என்று எழுதுவோம். அதே 12 முட்டைகளை ஐவிஎஃப்பில் உரிக்காமல் அப்படியே வைத்தால், அவற்றில் எத்தனை முதிர்ந்தவை என்று அன்றைக்குத் தெரியாது. காலையில் 7 கருவுற்றிருந்தால் 12-க்கு 7, அதாவது 58 சதவீதம். கையில் இருக்கும் கரு இரண்டிலும் ஏழுதான். புடைத்த அரிசியையும் புடைக்காத அரிசியையும் ஒரே படியில் அளந்து, எது நல்ல நெல் என்று தீர்ப்புச் சொல்வதைப் போன்றது இந்தக் கணக்கு. வியன்னா அளவுகோலும் இக்ஸிக்கு ஊசி போட்ட முதிர்ந்த முட்டைகளையும், ஐவிஎஃப்புக்கு வைத்த எல்லா முட்டைகளையும் அடிப்படையாக வைத்துத்தான் தனித்தனி இலக்குகளைக் கொடுக்கிறது. இதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை.

அதைவிட முக்கியமான கேள்வி, கருவுற்ற பிறகு என்ன ஆகிறது என்பது.

முதல்நாள் காலை, விந்தணு சேர்த்து 16 முதல் 18 மணி நேரத்துக்குள், முட்டையின் நடுவில் இரண்டு வட்டங்கள் அருகருகே தெரிய வேண்டும். ஒன்றில் தாயின் குரோமோசோம்கள், மற்றதில் தந்தையுடையவை. இரண்டாம் நாள் நான்கு செல்கள், மூன்றாம் நாள் எட்டு, ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட். அதாவது உள்ளே திரவம் நிறைந்த குழி, குழந்தையாக வேண்டிய செல் திரள், நஞ்சுக்கொடியாக வேண்டிய வெளிச் செல்கள் என்று பிரிந்த கரு. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இந்தக் கரு ஓடுவது முழுக்க முழுக்கத் தாய் முட்டையில் சேர்த்துவைத்திருந்த பொருள்களால்தான். நான்கு முதல் எட்டு செல்கள் இருக்கும் கட்டத்தில்தான் கருவின் சொந்த மரபணுக்கள் பெரிய அளவில் விழிக்கின்றன. தந்தையின் பங்கு முழுமையாகத் தெரிய ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான். மூன்றாம் நாள்வரை அழகாக இருந்த கருக்கள் நான்காம் நாள் தேங்கி நின்றுவிடுவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

விந்தணு கொண்டுவருவது மரபுப்பொருள் மட்டும் அன்று. செல் பிரிவை ஒழுங்குபடுத்தும் சென்ட்ரோசோம் தந்தையிடமிருந்து வருகிறது. பிஎல்சி-ஜீட்டா என்ற புரதமும் அதனோடு வருகிறது. அதுதான் முட்டைக்குள் கால்சியம் அலையலையாக ஏறி இறங்கச் செய்து, உறங்கிக்கிடக்கும் முட்டையைத் தட்டியெழுப்புகிறது. இந்தப் புரதம் இல்லாத விந்தணுவை எத்தனை நேர்த்தியாக ஊசியில் செலுத்தினாலும் முட்டை எழாது. ஊசி விந்தணுவைக் கதவு தாண்டி உள்ளே விடுகிறது. உள்ளே போன விந்தணுவிடம் டிஎன்ஏ சிதைந்திருந்தால் அதைச் சரிசெய்யாது. முட்டையின் வயதையும் குறைக்காது. முட்டைக்கு 40 வயது என்றால் அதன் குரோமோசோம் பிழைகள் இரு முறைகளிலும் அப்படியேதான் இருக்கும். வயது கூடியவர்களுக்கும் முட்டைகள் குறைவாக உள்ளவர்களுக்கும் இக்ஸியைத் தனியாகப் பரிந்துரைக்கும் வழக்கத்துக்கு ஆதாரம் இல்லாததற்குக் காரணம் இதுவே.

டைம்லாப்ஸ் இன்குபேட்டர்கள் வந்தபோது ஒரு குழப்பம் வந்தது. கருவைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படமெடுத்துக்கொண்டே இருக்கும் கருவிகள் அவை. இக்ஸி கருக்கள் முதல் பிரிவை முன்னதாகவே முடித்துவிடுவதாக அவற்றில் தெரிந்தது. முன்னால் பிரியும் கரு வலுவானது என்று எங்கள் துறையில் ஒரு நம்பிக்கை உண்டு என்பதால், இதை இக்ஸிக்குச் சாதகமாகப் பேசியவர்கள் இருந்தார்கள். உண்மையில் கடிகாரம் தொடங்கிய இடம்தான் வேறு. இக்ஸியில் விந்தணு உள்ளே போன நிமிடம் நமக்குத் தெரியும். ஐவிஎஃப்பில் தட்டில் விட்ட நேரம்தான் தெரியும். கியூமுலஸையும் ஜோனாவையும் கடக்க விந்தணு எடுத்துக்கொண்ட நேரமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இரண்டு வட்டங்களும் மறையும் கணத்தைப் பூஜ்யமாக வைத்து அளந்தபோது வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோனது.

ஐந்தாம் நாள் கருவின் நிலைமையும் இதேபோன்றதுதான். இக்ஸி செய்தவர்களில் பிளாஸ்டோசிஸ்ட் குறைவாக உருவாகிறது என்று 1990-களின் இறுதியிலிருந்தே சில மையங்கள் எழுதின. அதை ஊசியின் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. இக்ஸிக்குப் போனவர்களே விந்தணு மோசமாக இருந்தவர்கள்தான். இந்தச் சிக்கலைத் தவிர்க்க, ஒரே பெண்ணின் முட்டைகளை இரண்டாகப் பிரித்து, ஒரே கணவரின் விந்தணுவை இரு வழியிலும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் வந்தன. கருவுற்ற பிறகு இரு பக்கத்துக் கருக்களும் தரத்தில் பெரிதாக வேறுபடவில்லை என்பதே அவற்றின் பொதுப்போக்கு.

ஆனால் தம்பதியருக்கு வேண்டியது கருவின் மதிப்பெண் அன்று, குழந்தை. அதற்குச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் ஆய்வுதான் பதில் சொல்ல வேண்டும். அதுவும் வந்திருக்கிறது. பிரிட்டனில் ஆண் குறைபாடு இல்லாத 415 தம்பதியரைப் பிரித்து நடத்திய ஆய்வு 2001-இல் லான்செட்டில் வெளியானது. கருப்பையில் கரு ஒட்டும் விகிதம் ஐவிஎஃப்பில் 30 சதவீதம், இக்ஸியில் 22. அப்போதே இந்த விவாதம் முடிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சிறிய ஆய்வு, பழைய நுட்பம் என்று சொல்லி அதை ஒதுக்கினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து வியட்நாமின் ஹோ சி மின் நகரில் 1,064 தம்பதியரை எடுத்துக்கொண்டார்கள். எண்ணிக்கையும் அசைவும் சரியாக உள்ள கணவர்கள். உயிருடன் குழந்தை பிறந்தது இக்ஸியில் 35 சதவீதம், ஐவிஎஃப்பில் 31. தற்செயலாலும் வரக்கூடிய வித்தியாசம் என்பதால் இக்ஸி மேல் என்று சொல்ல இடமில்லை. ஒரு முட்டைகூடக் கருவுறாமல் போனதும் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. ஊசிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் மிகப் பெரிய வாதமே அங்கு எடுபடவில்லை.

எனக்கு மிகவும் பயன்படும் ஆய்வு 2024-இல் சீனாவிலிருந்து வந்தது. பத்து மையங்கள், 2,387 தம்பதியர். இவர்களில் கணவருக்கு லேசான அல்லது நடுத்தரக் குறை இருந்தது. நம்மில் பலர் யோசிக்காமல் இக்ஸி என்று எழுதிவிடும் வகை இது. குழந்தை பிறந்தது இக்ஸியில் 33.8 சதவீதம், ஐவிஎஃப்பில் 36.6 சதவீதம். அதாவது கொஞ்சம் குறை இருந்தால்கூட ஊசியால் லாபம் இல்லை.

இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. விந்துப் பரிசோதனை அறிக்கையில் ‘சரியான வடிவம் 4 சதவீதம்’ என்று பார்த்துவிட்டு முகம் வெளிறிப்போகிறவர்கள் பலர். நூற்றில் தொண்ணூற்றாறு கோணல் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 4 சதவீதம் என்பதே கீழ்வரம்பு. இயற்கையாகக் குழந்தை பெற்ற ஆண்களை அளந்து வைத்த வரம்பு அது. வடிவ எண் மட்டும் தனியாகக் குறைந்திருப்பது, எண்ணிக்கையும் அசைவும் நன்றாக இருக்கும்போது, இக்ஸிக்கு நல்ல காரணம் அன்று. அந்த ஒற்றை எண்ணைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் கட்டவைப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. மனைவியின் எதிரில், மாமனார் மாமியாரின் எதிரில், அந்த மனிதர் ஆண்மையற்றவர்போல உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் குறையே இல்லை.

குழந்தைகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவின் பிறப்புப் பதிவேடுகளை வைத்து 2012-இல் வந்த பெரிய ஆய்வில், பெற்றோரின் வயது முதலிய காரணங்களைக் கழித்துப் பார்த்த பிறகு, ஐவிஎஃப் குழந்தைகளிடம் பிறவிக் குறைகள் கூடுதல் என்று சொல்ல முடியவில்லை. இக்ஸி குழந்தைகளிடம் அந்தக் கூடுதல் நிலைத்தது. இதைப் படித்து யாரும் பதற வேண்டாம். மிகப் பெரும்பாலான இக்ஸி குழந்தைகள் ஆரோக்கியமாகத்தான் பிறக்கிறார்கள். அந்தக் கூடுதலும் ஊசியால் வந்ததா, தந்தையின் விந்தணுக் குறைக்குக் காரணமான அதே மரபுக் கோளாறால் வந்ததா என்று பிரிப்பது கடினம். பிரஸ்ஸல்ஸில் முதல் தலைமுறை இக்ஸி மகன்கள் வளர்ந்து 18 வயதைத் தாண்டியதும் அவர்களைச் சோதித்தார்கள். அவர்களின் தந்தையர் விந்தணுக் குறையால் அந்தச் சிகிச்சைக்கு வந்தவர்கள். மகன்களின் விந்தணு அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1 கோடியே 77 லட்சம். இயற்கையாகப் பிறந்த அதே வயதினருக்கு 3 கோடியே 70 லட்சம். ஒய் குரோமோசோமில் சிறு துண்டு இல்லாததால் விந்தணு குறைந்த ஒருவர், இக்ஸி மூலம் மகன் பெற்றால் அந்தக் குறையையும் கொடுக்கிறார். அதை முன்பே சொல்லி, விரும்பினால் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் செய்வது எங்கள் கடமை. தேவையுள்ளவர்கள் இந்தச் சிறிய கூடுதல் அபாயத்தை அறிந்தே ஏற்கிறார்கள். வேறு வழியில் அவர்களுக்குக் குழந்தை இல்லை. தேவையில்லாதவர்கள் அதை ஏன் ஏற்க வேண்டும்?

ஐவிஎஃப்புக்கும் ஒரு விலை உண்டு. அதை மறைத்தால் நான் எழுதியது நேர்மையாக இருக்காது. எப்போதாவது ஒரு காலையில் தட்டை எடுத்து, முட்டை ஒவ்வொன்றின் மேலிருக்கும் செல்களையும் உரித்து, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். எதிலும் இரண்டு வட்டங்கள் இருக்காது. ஜோனாவில் விந்தணுக்கள் ஒட்டியிருக்கும், ஒன்றும் உள்ளே போயிருக்காது. சில தம்பதியரிடம் ஜோனாவில் ஒட்டியிருக்கக்கூட மாட்டா. அறிக்கையில் எல்லாம் சரியாக இருந்த கணவர், சரியாக இருந்த மனைவி. ஏன் என்று முன்கூட்டியே சொல்ல எந்தச் சோதனையும் இல்லை. அதைத் தம்பதியரிடம் போனில் சொல்வதைவிடக் கடினமான வேலை என் தொழிலில் இல்லை. மறுநாள் அதே முட்டைகளுக்கு ஊசி போட்டால் சில கருவுறும். ஆனால் முட்டைக்கு வயது ஏறிவிட்டது, அவற்றில் குழந்தை வருவது அரிது. விந்தணு சேர்த்த நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் செல்களை உரித்துப் பார்த்து, விந்தணு உள்ளே போனதற்கு அடையாளமான இரண்டாவது துருவ உடல் வராத முட்டைகளுக்கு அன்றே ஊசி போடும் முறையைச் சில மையங்கள் கடைப்பிடிக்கின்றன. அது இதைவிடப் பயன் தருகிறது. இரவு ஷிப்டுக்கு ஆள் வேண்டும் என்பதால் எல்லா இடத்திலும் நடப்பதில்லை.

இந்தப் பயம்தான் மருத்துவர்களை ஊசியின் பக்கம் தள்ளுகிறது என்பது எனக்கும் புரிகிறது. கருவுறாமல் போனால் குடும்பம் மையத்தைக் குற்றம் சொல்லும். தேவையில்லாத ஊசியால் யாரும் மையத்தைக் குற்றம் சொன்னதில்லை. காரணம் தெரியாத மலட்டுத்தன்மை என்ற வகைக்குள் வருபவர்களுக்கு, போதுமான முட்டைகள் கிடைத்தால், முதல் சுற்றில் பாதிக்கு ஐவிஎஃப், பாதிக்கு இக்ஸி என்று பிரிப்பதை நான் ஆதரிக்கிறேன். ஒரு பக்கம் தோற்றாலும் மறுபக்கம் கரு கையில் இருக்கும். அந்தத் தம்பதியரின் முட்டையும் விந்தணுவும் தாமாகச் சேருமா என்பதும் தெரிந்துவிடும். அடுத்த சுற்றில் யூகம் வேண்டியதில்லை.

இன்னும் விலை கூடிய ஊசிகளையும் இப்போது விற்கிறார்கள். ஹைலூரனான் என்ற பொருளில் ஒட்டும் விந்தணுவைத் தேர்ந்தெடுக்கும் பிக்ஸியை, பிரிட்டனில் 2,772 தம்பதியரிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். கருச்சிதைவு கொஞ்சம் குறைந்தது. முழுக்காலக் குழந்தைப் பிறப்பு, சாதாரண இக்ஸியைவிட நிச்சயமாக அதிகம் என்று சொல்லும் அளவுக்கு உயரவில்லை. மிகப் பெரிதாக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் இம்ஸியையும் எல்லாருக்கும் பரிந்துரைக்க ஆதாரம் போதாது. வாங்கும் முன் எதற்காக என்று கேளுங்கள்.

உங்கள் மையத்தில் கேட்க வேண்டியது சிக்கலான கேள்வி ஒன்றும் இல்லை. “எங்களுக்கு இக்ஸி எதற்கு?” என்று மட்டும் கேளுங்கள். பதிலில் உங்கள் அறிக்கையிலுள்ள ஏதாவது ஒரு எண்ணோ, முந்தைய சுற்றில் நடந்த ஏதாவது ஒன்றோ வர வேண்டும். ‘இதுதான் லேட்டஸ்ட்’, ‘நாங்கள் எல்லாருக்கும் இதைத்தான் செய்கிறோம்’ என்பவை பதில் ஆகா. சுற்று முடிந்ததும், வெற்றியோ தோல்வியோ, கணக்கை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்த முட்டைகள் எத்தனை, முதிர்ந்தவை எத்தனை, எந்த முறையில் எத்தனைக்கு விந்தணு சேர்த்தார்கள், மறுநாள் காலை இரண்டு வட்டங்கள் தெரிந்தவை எத்தனை, மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் எத்தனை மிஞ்சின. ‘கரு தரம் சரியில்லை’ என்ற ஒற்றை வரியோடு பலர் திரும்பி வருகிறார்கள். அதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. அடுத்த சுற்றை வேறு ஊரில், வேறு மையத்தில் செய்தாலும், அங்கிருக்கும் எம்ப்ரியாலஜிஸ்ட் உங்கள் கோப்பைத் திறந்ததும் முதலில் தேடுவது இந்த எண்களைத்தான்.